கவர்மெண்டு பஸ்ஸில் கேப்பை அடித்தது

நான் பஸ் டிரைவர். புது ஊருக்குப் போனால் மற்றவர்கள் கோயிலைப் பார்ப்பார்கள், நான் பஸ் ஸ்டாண்டைப் பார்ப்பேன். ஈப்போவில் ஒரு தனியார் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். அதில் பன்னிரண்டு வருஷம் ஒரே லைன். டவுனில் கிளம்பி மூன்று ரப்பர் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அந்த லைனில் லாபமில்லை என்று ஒரு நாள் நிறுத்திவிட்டார்கள். தோட்டத்து ஜனங்கள் கொஞ்ச நாள் நடந்தார்கள். பிறகு ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளைத் தவணையில் வாங்கினார்கள். ஒரு பஸ் போன ரோட்டில் இப்போது நூறு மோட்டார் சைக்கிள் புகை விட்டுக்கொண்டு போகிறது. மாதம் ஒருவனாவது விழுந்து காலை உடைத்துக்கொள்கிறான். முதலாளிக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. அவருக்கு நஷ்டம் நின்றுவிட்டது.

இந்த வருஷம், எண்பத்தைந்து மே மாதம், நான் விழுப்புரத்தில் வந்து இறங்கியது ஒரு கையெழுத்துக்காக. என் அம்மா பிறந்த ஊர் மயிலத்துக்கு அந்தப் பக்கம். அவளுடைய தங்கை மகள் செங்கேணி அங்கே ஒன்றரை ஏக்கரில் பயிர் வைக்கிறாள். கிணற்று மோட்டாருக்கு வரும் கரண்ட் இணைப்பு செத்துப்போன என் தாத்தா பேரிலேயே இருந்தது. அதைச் செங்கேணி பேருக்கு மாற்ற, நிலத்தில் பங்குள்ள என் அம்மாவின் சம்மதக் கடிதம் வேண்டும். தபாலை நம்பாமல் அம்மா என்னை அனுப்பினாள்.

கரண்ட் ஆபீஸில் எப்படியும் ஆறு நாள் இழுப்பார்கள் என்று, திட்டுவதற்குத் தயாராகப் போனேன். அரை மணியில் கடிதத்தை வாங்கிக்கொண்டு, "மாத்திடலாம், போங்க" என்று சொல்லிவிட்டார்கள். திட்ட ஆள் கிடைக்காமல் வெளியே வந்து டீ குடித்தேன்.

டீக்கடையில் சலவைப் பேண்ட் போட்ட ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்தார். மோட்டார் சைக்கிள் ஏஜெண்டாம். நான் டிரைவர் என்று தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"சார், நம்ப ஊரு கவர்மெண்டு பஸ்ஸைப் பாத்தீங்களா? ஜன்னல் இருந்தா கண்ணாடி இருக்காது. கண்ணாடி இருந்தா சீட்டு இருக்காது. எல்லாத்தையும் தனியார் கையில குடுத்துட்டா பளிச்சுனு ஓடும் சார்."

"பளிச்சுனு ஓடும். எந்த ஊருக்கு ஓடும்?" என்றேன்.

"எல்லா ஊருக்கும்தான்."

"ஓடாது. கூட்டம் ஏறும் ஊருக்கு மட்டும் ஓடும். நான் அப்படி ஒரு கம்பெனியில் இருக்கிறேன். பாக்கி ஊர்க்காரன் உங்களிடம் மோட்டார் சைக்கிள் வாங்க வருவான். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு ஆசை."

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். நான் பேசுவது எப்போதும் இப்படித்தான் முடிகிறது.

ஆனால் ஜன்னல் விஷயத்தில் அவர் சொன்னது பொய்யில்லை. மறுநாள் காலை திண்டிவனம் போக நான் ஏறிய பஸ்ஸில் என் ஜன்னலுக்குக் கண்ணாடியும் இல்லை, அடைப்பும் இல்லை. சீட்டுக்குள்ளிருந்து தேங்காய் நார் எட்டிப் பார்த்தது. எங்கள் கம்பெனியில் இப்படி ஒரு வண்டியை வெளியே எடுத்தால் என் வேலை போய்விடும். இதைச் சொல்லாமல் மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

வண்டி கிளம்பும் நேரத்தில், மரக்காணத்துப் பக்கம் கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்து கருவாடு விற்கிற ஒரு அம்மாள் பாதி காலியான கூடையோடு ஏறினாள். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தாம்மா, நாத்தம் தாங்கல. கூடைய டாப்புல போடு."

"டாப்புல போட்டா காக்கா தின்னும். காக்காகிட்ட டிக்கெட்டுக்குத் துட்டு வாங்குவியா?"

"வேற வண்டியில வர்றதுதான?"

"பிரைவேட்டுக்காரன் என்ன ஏத்தறதே இல்ல. படியில கால வச்சாலே விசிலடிச்சிடறான். கவர்மெண்டு வண்டிதான் என்ன ஏத்தியாவணும். ஏத்து. ஏத்திட்டு மூக்கப் புடிச்சிக்கினு நில்லு, யாரு வாணான்னாங்க?"

கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டே டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அந்த அம்மாள் என் காலடியில் கூடையை வைத்துவிட்டு, மடியிலிருந்து அவித்த மல்லாட்டை எடுத்து எனக்கும் ஒரு கை கொடுத்தாள். வேர்க்கடலைக்கு அங்கே அதுதான் பேர். உரித்துத் தின்றோம். உப்புச் சரியாக இருந்தது.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. ஆண்கள் எல்லோரும் தாமாகவே இறங்கிப் பின்பக்கம் போய்த் தள்ள ஆரம்பித்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர், "இன்னா பாத்துக்கினு நிக்கிற, கை போடு" என்று என்னை அதட்டினார். கை போட்டேன். பதினெட்டு வருஷத்தில் என் வண்டி எத்தனையோ முறை நின்றிருக்கிறது. ஒரு பிரயாணியும் இறங்கித் தள்ளியதில்லை. இன்னொருத்தன் சொத்தை எவன் தள்ளுவான்? ஐம்பது அடி தள்ளியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. புகை வந்து எங்கள் முகத்தில் அடித்தது. பெரியவர் இருமிக்கொண்டே ஓடிப்போய்ப் படியில் தொற்றினார்.

திண்டிவனத்தில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஊர் வண்டி பிடித்தேன். செங்கேணியின் ஊருக்கு ஒரே ஒரு வண்டிதான். காலை ஒன்பதுக்கு ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, மாலை ஐந்துக்கு ஒரு தடவை வந்து திரும்பும். பாதி தூரம் காலியாகவே போயிற்று. எங்கள் முதலாளி பார்த்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பார்.

செங்கேணிக்கு முப்பது வயது இருக்கும். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. நிலம், மாடு, வீடு எல்லாம் இவள்தான். வந்த வேலை முடிந்தது என்று சொன்னதும், "அப்போ மோட்டாரு எம்பேருல வந்துடுச்சா!" என்று கேட்டுவிட்டு நேரே கிணற்றுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கரண்ட் இருந்த நேரம். பொத்தானை அமுக்கினாள், தண்ணீர் கொட்டியது.

"முன்னாடி ஆயில் இஞ்சினுதாண்ணா. கெணத்துத் தண்ணிமேல எண்ணெ மெதக்கும். மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். பக்கத்துல நட்ட கொய்யாக்கூடக் கருப்பாத்தான் காய்க்கும்."

"இந்தக் கரண்ட் மட்டும் புகையில்லாமலா வருது? நெய்வேலியில் நிலக்கரியைக் கொளுத்துகிறான். உன் கொய்யாவிலிருந்த கரி அந்த ஊர்க்காரன் கொய்யாவுக்குப் போயிருக்கு."

அவள் கொட்டுகிற தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டாள். "அது நம்ப கவர்மெண்டுதான கொளுத்துது? அப்போ அவங்க போயிக் கேக்கலாம், இல்ல? எங்க ஊட்டுக்காரரு இஞ்சின வாடகைக்கி எடுத்துக்கினு வந்தப்ப, பொகையப் பத்தி நான் யாரப் போயிக் கேட்டேன்?"

எனக்குப் பதில் தெரியாத கேள்விகளை நான் அதிகம் விரும்புவதில்லை. ராத்திரி களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். இரண்டு உருண்டை தின்றேன். ஈப்போவில் என் பிள்ளைகளுக்குக் களி என்றால் ஜெயில்தான் ஞாபகம் வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த ஊரில் களம் இல்லை என்று இல்லை, இருக்கிறது. ஆனால் கேப்பை அடிப்பதற்கு யாரும் அதில் மாடு கட்டி ஓட்டுவதில்லை. ஏரிக்கரை வளைவில் தார் ரோட்டின்மேல் கதிரைப் பரப்பிவிடுகிறார்கள். பஸ் வந்து அதன்மேல் ஏறிப் போகிறது, திரும்புகிறது. மணி உதிர்ந்துவிடும். கூட்டி அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று மொறை வைத்திருக்கிறார்கள். மொறை தவறினால் எல்லா வீடும் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். டீசல் எப்படியும் எரியப் போகிறது, வண்டி எப்படியும் போகப் போகிறது, அதே எரிப்பில் கேப்பையும் அடித்துக்கொண்டால் யாருக்கு நஷ்டம்? கேட்டவுடன் இது பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன். பிறகு, நான் பார்த்ததிலேயே சிக்கனமான காரியம் இதுதான் என்று தோன்றியது.

நான் வந்த நாலாம் நாள் செங்கேணியின் மொறை. ஒன்பது நாள் காத்திருந்து வந்த மொறை. அறுத்துக் கட்டி வைத்த கேப்பை முழுவதையும் விடிந்ததும் கொண்டுவந்து தண்டும் தாளுமாக ரோட்டை அடைத்துப் பரப்பியிருந்தாள். மேற்கே மேகம் கறுத்து நின்றது. நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். அவ்வளவுதான் அவள் வருஷத்துச் சாப்பாடு.

ஒன்பது மணி வண்டி வந்தது. கதிருக்குப் பத்து அடி முன்னால் நின்றுவிட்டது. டிரைவர் ஜெயராமன், நரைத்த மீசை, என் வயதுதான் இருக்கும். தலையை வெளியே நீட்டினார்.

"யம்மா, அள்ளு. வழி வுடு."

"ஏத்துங்கண்ணா. எப்பவும் போலத்தான."

"இனிமே எப்பவும் போல இல்ல. வேற லைன்ல ஒரு வண்டிக்கி அடியில தாளு சுத்திக்கினு, சைலன்சர் சூட்டுல புடிச்சி எரிஞ்சிப் போச்சி. ஜனங்க எகிறிக் குதிச்சிருக்காங்க. பயிர்மேல ஏத்தமாட்டோம்னு டிப்போவுல எங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கியிருக்கான். அள்ளு, ஜல்தி."

"இன்னிக்கி எம் மொறைண்ணா. மழ வருது பாருங்க. இன்னிக்கி மட்டும்."

"ஒவ்வொருத்தரும் இன்னிக்கி மட்டும்னா நான் இன்னா பண்றது? பேஜாரு புடிச்ச வேல இது."

ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் பள்ளம். ஒதுங்கிப் போக இடமில்லை. வண்டிக்குள்ளிருந்து சத்தம் கிளம்பியது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கி வந்து கத்தினார்.

"இன்னாம்மா, இது உங்கப்பன் ஊட்டு ரோடா? உங்கப்பன் ஊட்டு பஸ்ஸா?"

இந்தக் கேள்வியை என் வண்டியிலும் ஆயிரம் தடவை காதால் கேட்டிருக்கிறேன். அதற்கு எவனும் பதில் சொல்வதில்லை. வாயை மூடிக்கொண்டு நகர்ந்துவிடுவான். செங்கேணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஆமாய்யா. எங்கப்பன் ஊட்டு பஸ்ஸுதான். எங்கப்பன் ஊட்டு ரோடுதான். இல்லன்னா யாரு அப்பன் ஊட்டுது? சொல்லு பாப்போம்."

வெள்ளைச் சட்டை துணைக்கு ஆள் தேடி வண்டியைப் பார்த்தார். வண்டிக்குள் பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். "சொல்லுப்பா, யாரு ஊட்டுது? கேக்குதில்ல அந்தப் பொண்ணு."

ஜெயராமன் மட்டும் சிரிக்கவில்லை. "உன் ஊட்டு வண்டிதாம்மா, நான் இல்லேன்னு சொல்லல. உன் ஊட்டு வண்டின்னா நீதான் பத்திரமாப் பாத்துக்கணும். நீயே வச்சிக் கொளுத்துவியா?"

அப்போது செங்கேணி என்னை இழுத்தாள். "எங்கண்ணன் மலேசியாவுல டிரைவரு. பதினெட்டு வருசம். அவரக் கேளுங்க. ண்ணா, நீ சொல்லு, தீப் புடிக்குமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பொய் சொல்ல வராது. "பிடிக்கும். டிரைவர் சொல்வது சரி. அள்ளு" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மொதலாளிக்கி ஓட்டி ஓட்டி நீயும் மொதலாளி மாதிரியே பேசற."

அள்ளினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கை கொடுத்தார்கள், நானும் போனேன், என் கையிலிருந்ததைப் பிடுங்கி அவளே கொண்டுபோய்ப் போட்டாள். வண்டி போயிற்று. சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு, "துன்னு" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். அன்று மாலை வண்டியில் நான் கிளம்ப வேண்டும், திண்டிவனத்தில் மெட்ராஸ் ரயில். ஒரு வார்த்தையோடு விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. டிராக்டர் வைத்திருந்தவரிடம் போய்க் கேட்டேன். நாளை மறுநாள்தான் முடியும் என்றார். மேகம் ஏரிக்கு மேலேயே வந்துவிட்டது.

சாப்பிட்ட கையோடு வளைவுக்குப் போய்க் குந்தினேன். ரோட்டோரத்து மண்ணில் வண்டியின் பின்சக்கரம் தெளிவாகப் பதிந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. தாள்தான் சுற்றும், கதிர் சுற்றாது. சைலன்சரும் ஷாப்டும் வண்டிக்கு நடுவில் தொங்குகின்றன, சக்கரம் ஓரத்தில் போகிறது. ரோட்டை அடைத்துப் பரப்ப வேண்டிய அவசியமே இல்லை.

வீட்டுக்குப் போய், "அரிவாள் எடு. தாளை வெட்டிப் போட்டுவிட்டுக் கதிரை மட்டும் கொண்டுவா" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. என்னோடு பேசுவதைவிட வெட்டுவது மேல் என்று நினைத்திருப்பாள். நாலு பெண்கள் உட்கார்ந்து வெட்டினார்கள். மதிய வண்டி வந்து போவதற்குள் பாதிதான் ஆயிற்று. நான் அடுப்புச் சாம்பலை எடுத்துப்போய், சக்கரத் தடத்தை அளந்து, ரோட்டில் இரண்டு பட்டை கோடு போட்டேன். நாலரை மணிக்கு இரண்டு பட்டையிலும் வெறும் கதிர், நடுவில் சுத்தமான தார். காற்று ஈரமாக அடித்தது.

மாலை வண்டிக்கும் ஜெயராமன்தான். அதே இடத்தில் நிறுத்தினார். இறங்கி வந்து பட்டையைப் பார்த்தார். குனிந்து ஒரு கை கதிரை அள்ளி, தாள் இருக்கிறதா என்று விரலால் துழாவினார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். செங்கேணி ஓரத்தில் சிதறிய கதிரைப் பொறுக்கிப் பட்டையில் போட்டாள்.

"கோடு போட்டது யாரு?" என்றார்.

"நான்."

"இந்தப் பக்கம் நாலு விரல் உள்ள தள்ளணும். இல்லன்னா உள்சக்கரம் வெறும் தாருல போவும்."

நாங்கள் மண்டியிட்டு நாலு விரல் தள்ளினோம். வண்டிக்குள் இரண்டு பேர் இறங்க எழுந்தார்கள். ஜெயராமன் சத்தம் போட்டார்.

"யாரும் எறங்காதீங்க. குந்துங்க. வெயிட்டு வேணும்."

"எங்கள வச்சிக் கேப்பை அடிக்கிறியா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

"ஆமா. நீ நடுவுல குந்தாத, சக்கரத்துமேல வந்து குந்து."

பர்ஸ்ட் கியரில், நடந்து போகிற வேகத்தில் ஏற்றினார். நெருப்பில் உப்புப் போட்ட மாதிரி சத்தம். கடைசிவரை போய் நிறுத்தி, அதே தடத்தில் பின்னால் வந்தார். வளைவில் அவ்வளவு பெரிய வண்டியைக் கோடு பிசகாமல் பின்னால் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மறுபடி முன்னால். கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் விசில் கொடுத்தார். பெண்கள் கதிரைப் புரட்டிப் போட்டார்கள். வண்டி ஊருக்குள் போய் ஆட்களை இறக்கி, கிளம்புகிற ஆட்களை ஏற்றிக்கொண்டது. நானும் பெட்டியோடு ஏறினேன். திரும்பும்போது நானும் வெயிட்டுதான். சக்கரத்துமேல் இருந்த சீட்டில் உட்கார்ந்தேன்.

பட்டையைத் தாண்டியதும் ஜெயராமன் வண்டியை நிறுத்தினார். பின்னால் பார்த்தேன். தாரின்மேல் மணி செங்கல் பொடி மாதிரி கிடந்தது. பெண்கள் விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மூட்டை அதற்குள் நிரம்பிவிட்டது. தூரத்தில் ஏரித் தண்ணீரில் மழை விழ ஆரம்பித்திருந்தது. செங்கேணி மட்டும் வண்டிப் பக்கம் ஓடி வந்தாள். என்னிடம் விடைபெற வருகிறாள் என்று ஜன்னலில் தலையை நீட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, இரட்டை டயருக்கு நடுவில் சிக்கியிருந்த கதிரை ஒரு குச்சியால் நெம்பி எடுத்து மடியில் போட ஆரம்பித்தாள்.

"நேரமாவுது, எடுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ஜெயராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இஞ்சினை அணைத்துவிட்டார். மறுபடி பிடிக்குமோ பிடிக்காதோ என்ற பயம்கூட இல்லாமல்.

"லேட்டுக்கு மெமோ கொடுப்பார்களே?" என்றேன்.

"குடுப்பான். பதில் எழுதிக் குடுப்பேன்" என்றார்.

என் ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. நான் கீழே இறங்கி, வலது பக்கச் சக்கரத்துக்குப் போய் உட்கார்ந்தேன். டயர் சுட்டது. இடுக்கில் கதிர் நன்றாக இறுகியிருந்தது, விரல் நுழையவில்லை. வண்டிக்கு அடியில் அந்தப் பக்கம் அவளுடைய காலும் புடவைத் தலைப்பும் தெரிந்தன.

"ண்ணா, உனக்கு ரயிலு?" என்றாள் அங்கிருந்தே.

"நீ உன் சக்கரத்தைப் பாரு" என்றேன்.